நீதிபதியை நியமிக்கும் அறை

பொது ஜனங்களில் அநேகருக்கு ஹைக்கோர்ட்டு என்றால் ஒரு கோவிலைப்போல் தோன்றுகின்றது. உயரமான மேடை, கருப்பு அங்கி, எழுந்து நிற்றல், குனிதல், "மைலார்டு" என்று அழைத்தல் ஆகிய இவ்வளவும் அங்கே நடக்கின்றன. வழக்குக்காரனுக்குத் தெரியாத பாஷையில் அவனுடைய வக்கீல் ஏதோ சொல்லுகிறார். மேடையில் இருப்பவர் ஏதோ பதில் சொல்லுகிறார். தன் நிலம் போயிற்றா நின்றதா என்பதை அவன் வெளியே வந்து, தான் காசு கொடுத்து அமர்த்திய வக்கீலிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நின்று, அர்த்தம் தெரியாத மந்திரத்தைக் கேட்டு, தட்டில் காசு போட்டுவிட்டு வருகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

கோவில் விஷயத்தில் கேள்வி கேட்கத் துணிந்தவர்கள்கூட கோர்ட்டு விஷயத்தில் வாயை மூடிக் கொள்ளுகிறார்கள். கோர்ட்டு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் செய்த ஸ்தாபனம். நம்முடைய வரிப்பணத்தில் நடப்பது. ஆகவே அது எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றது, அதில் உட்காருகிறவரை உட்கார வைப்பவர் யார் என்று கேட்பது அவமதிப்பும் ஆகாது, பாவமும் ஆகாது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் மத்திய சர்க்கார் கோர்ட்டுகள் வேறு, ராஜ்யங்களின் கோர்ட்டுகள் வேறு. இந்தியாவில் அப்படியல்ல, எல்லாம் ஒரே ஏணி. கீழ்ப்படியில் சிவில் வழக்குக்கு முன்சீப் கோர்ட்டு, கிரிமினல் வழக்குக்கு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு. அதற்கு மேல் சப் கோர்ட்டு. அதற்கு மேல் ஜில்லா கோர்ட்டு. கொலை முதலிய பெரிய குற்றங்களை விசாரிக்கும்போது ஜில்லா ஜட்ஜே செஷன்ஸ் ஜட்ஜாகிறார். அதற்கு மேல் ஹைக்கோர்ட்டு. நாடு முழுவதற்கும் 25 ஹைக்கோர்ட்டுகள் உண்டு. சென்னை ஹைக்கோர்ட்டு 1862-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் ஏற்பட்டது; 2004 முதல் மதுரையிலும் அதன் கிளை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது; இரண்டு நாள் கழித்து 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு துவக்கப்பட்டது. அப்போது பிரதம நீதிபதியையும் சேர்த்து 8 இடங்கள். 2019-ல் அவை 34 ஆக்கப்பட்டன.

ஏணியின் அமைப்பில் நமக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. ஒரு ஜட்ஜ் தவறினால் மேலே ஒருவர் திருத்தலாம் என்பது பகுத்தறிவுக்கு ஒத்த ஏற்பாடுதான். நமது கேள்வியெல்லாம் இந்த ஏணியில் ஏறுகிறவர் எப்படி ஏறுகிறார் என்பதுதான்.

கீழ்ப்படிக்கு வருகிறவர் பரீட்சை எழுதி வருகிறார். தமிழ்நாட்டில் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் இத்தனை இடம் காலி என்று விளம்பரம் செய்கிறது. சட்டம் படித்த எந்தக் கூலிக்காரன் மகனும், எந்த வண்ணாத்தி மகளும் மனுப் போடலாம். மார்க்கு உண்டு, வகுப்புவாரி இட ஒதுக்கீடும் உண்டு. இந்தப்படி வந்தவர்கள் தீர்ப்புச் சொல்லித்தான் ஜில்லாக்களில் நியாய பரிபாலனம் நடக்கின்றது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆனால் ஹைக்கோர்ட்டுப் படிக்கு வந்தவுடன் விளம்பரம் இல்லை, மனு இல்லை, பரீட்சை இல்லை, ஒதுக்கீடும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு இடங்களுக்கு வக்கீல்களிலிருந்தே ஆள் பொறுக்குவது வழக்கமாயிருக்கிறது. ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதியும் இரண்டு மூத்த ஜட்ஜுகளும் பெயர்களைக் குறிக்கிறார்கள். அவை சர்க்கார் மூலம் டில்லிக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதியும் அங்குள்ள இரண்டு மூத்த ஜட்ஜுகளும் பார்த்து முடிவு செய்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கே ஆள் வேண்டுமானால் பிரதம நீதிபதியும் நான்கு மூத்த ஜட்ஜுகளும் கூடித் தீர்மானிக்கிறார்கள். இதற்குக் கொலீஜியம் என்று பெயர். அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பெயரே அதில் கிடையாது. ஜட்ஜுகளைக் "கலந்து" ஜனாதிபதி நியமிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. 1993-லும் 1998-லும் சுப்ரீம் கோர்ட்டு தானே சொன்ன அபிப்பிராயங்களால் ஏற்படுத்திக்கொண்ட முறை இது.

இதன் பலன் என்ன? நாம் கற்பனையாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூலையில் பார்லிமெண்டில் சட்ட மந்திரி கொடுத்த கணக்கே இருக்கின்றது. 2018 முதல் அதுவரை நாடு முழுவதும் நியமிக்கப்பட்ட ஹைக்கோர்ட்டு ஜட்ஜுகள் 604 பேர். இவர்களில் பொதுப் பிரிவினர் 458, பிற்பட்டோர் 72, தாழ்த்தப்பட்டோர் 18, மலைஜாதியார் 9, சிறுபான்மை மதத்தார் 34, விவரம் தெரியாதவர் 13. அதாவது நூற்றுக்கு 76 பேர் ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள ஜாதியார். நாட்டின் பெருவாரியான ஜனங்களாகிய மற்ற மூன்று வகுப்பாரும் சேர்ந்து 99 பேர்! சுப்ரீம் கோர்ட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் ஜட்ஜாக நமது தமிழ்நாட்டு ஏ. வரதராஜன் 1980-லும், பெண்களிலிருந்து முதல் ஜட்ஜாக பாத்திமா பீவி 1989-லும்தான் உட்கார முடிந்தது. முப்பது, நாற்பது வருஷ காலம் யோக்கியதை உள்ளவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று யாராவது சொல்வார்களேயானால், அவருடைய யோக்கியதையைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

"நீதிக்கு ஜாதி ஏது? யார் உட்கார்ந்தால் என்ன?" என்று சில மேதாவிகள் கேட்கக்கூடும். யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்றால், நாங்கள் உட்கார்ந்தால் மட்டும் என்ன கெட்டுவிடும்? அல்லாமலும் 1951-ஐ நாம் மறந்துவிடவில்லை. காலேஜில் 14 இடம் இருந்தால் இன்ன வகுப்புக்கு இத்தனை என்று சென்னை மாகாணத்தில் நடந்துவந்த வகுப்புவாரி உத்தரவை 1950-ல் சென்னை ஹைக்கோர்ட்டு செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்தி அந்த உரிமையை மீட்க வேண்டி வந்தது. மேடையில் இருப்பவர் எழுதும் ஒரு தீர்ப்பு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் நியமனத்தைச் சர்க்கார் கையில் கொடுத்துவிடலாமா? கூடாது என்றே சொல்லுவோம். 1973-ல் சர்க்காருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்ன மூன்று மூத்த ஜட்ஜுகளைத் தாண்டி வேறொருவர் பிரதம நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையிலும் மனிதனின் சுதந்திரம் பறிபோகாது என்று தனித்து நின்று எழுதிய எச்.ஆர். கன்னாவை 1977-ல் தாண்டினார்கள். மந்திரிக்குப் பயந்த ஜட்ஜ் ஏழைக்கு உதவமாட்டார். 2014-ல் பார்லிமெண்டு ஒரு நியமனக் கமிஷனை ஏற்படுத்திற்று. 2015 அக்டோபரில் ஐந்து ஜட்ஜுகளில் நால்வர் அது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். சர்க்கார் தலையீட்டுக்கு அவர்கள் பயந்தது நியாயமாயிருக்கலாம். ஆனால் தங்களை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வழக்கில் தாங்களே தீர்ப்புச் சொல்லி, பழைய கதவையே மறுபடி சாத்திக்கொண்டால் பொது ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

மந்திரி அறையும் வேண்டாம், ஜட்ஜுகளின் அறையும் வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள் என்பதே நமது அபிப்பிராயம். யாரிடமிருந்து இந்தக் கோர்ட்டு முறையைக் கற்றோமோ அந்த இங்கிலாந்திலேயே 2006 முதல் நீதிபதி நியமனத்துக்குத் தனிக் கமிஷன் இருக்கிறது. காலி இடத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள், மனு வாங்குகிறார்கள். கமிஷனின் தலைவர் வக்கீலோ ஜட்ஜோ அல்லாத வெளியாள். குரு தன் சீடனை மாற்றிக்கொண்டார். சீடன்தான் பழைய பஞ்சாங்கத்தை விடமாட்டேன் என்கிறான்.

பாஷை விஷயமும் இப்படித்தான். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய இடங்களின் ஹைக்கோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி உண்டு. சென்னை ஹைக்கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று நமது சட்டசபை 2006-ல் தீர்மானித்து அனுப்பிற்று. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. இந்திக்கு அடைபடாத காது தமிழுக்கு மட்டும் ஏன் அடைபட வேண்டும்?

தோழர்களே! கோர்ட்டை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பணக்காரனையும் சர்க்காரையும் ஏழை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு உள்ள இடம் அது ஒன்றுதான். அதனாலேயே அதில் யார் உட்காருகிறார் என்பது நம் வீட்டு விஷயமாகிறது. உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்க வரும் பார்லிமெண்டு மெம்பரை நிறுத்தி, "ஹைக்கோர்ட்டு நியமனத்துக்கு விளம்பரம் உண்டா? எங்கள் வகுப்புக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டா? எங்கள் பாஷைக்கு இடம் உண்டா?" என்று கேளுங்கள். கோவில் கதவு கேட்டுத்தான் திறந்தது. இந்தக் கதவும் கேளாமல் திறக்காது.