பற்பசைப் பெட்டிக்குள் யானை!

பல் துலக்க பேஸ்ட் வாங்கினால் யானை வரும். அடுத்த மாதம் வேறொரு மிருகம் வரும். அதற்குத் தனியாகக் காசு? ஒரு நயா பைசா கிடையாது!

கதையல்ல. 1960-களிலும் 70-களிலும் பினாக்கா பற்பசை வாங்கிய வீடுகளில் நடந்த சமாச்சாரம். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் டியூபுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருக்கும்.

திட்டக்குடி கடைத்தெருவில் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "அட, பினாக்கா பொம்மையா!" என்று முகம் மலரும்.

அந்தப் பொம்மைகளுக்கு மவுசு ஏறுவது நவராத்திரியில்தான். கொலுப்படிக்குக் கீழே மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். நாலைந்து நாளில் பச்சைப் பசேலென்று முளை விடும். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகிவிடும். சுற்றிலும் வருஷம் முழுக்கச் சேர்த்த மிருகங்களை நிறுத்தினால் மிருகக்காட்சி சாலை தயார்! நாயும் யானையும் ஒரே உயரம். யாருக்குக் கவலை?

பிள்ளைகள் சும்மா இருந்தார்களா? ரெண்டு முயலுக்கு ஒரு யானை என்று பண்டமாற்று நடந்தது. பேஸ்ட் சீக்கிரம் தீர வேண்டுமென்று டியூபை அமுக்கித் தள்ளி முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் எல்லா வீட்டிலும் பேஸ்ட் ஏது? பாதி வீடுகளில் பல்பொடி. மீதியில் வேப்பங்குச்சி, அடுப்புக்கரி. கரி என்றைக்குப் பொம்மை கொடுத்தது? அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போய், சுண்டலை வாங்கிக்கொண்டு, பொம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கம்பெனி தர்மத்துக்குக் கொடுத்ததா? இல்லை. 1952-லிருந்து புதன்கிழமை ராத்திரி ரேடியோ சிலோனில் இந்திப் பாட்டுப் போட்டுப் பேர் வாங்கிய அதே பினாக்காதான். பெரியவர்களுக்குப் பாட்டு, சின்னவர்களுக்குப் பொம்மை. கெட்டிக்கார வியாபாரம்! பிறகு 80-களில் கோல்டு ஸ்பாட் மூடிக்கு அடியில் ஜங்கிள் புக் படம் வந்தது. 1987 உலகக் கோப்பை சமயத்தில் பபிள்கம்மோடு கிரிக்கெட் அட்டை வந்தது.

அப்புறம் நடந்ததுதான் விபரீதம். பேஸ்ட் பெட்டியில் இருந்த பொம்மை, தின்பண்ட பாக்கெட்டுக்குள் புகுந்தது. பேஸ்ட் பெட்டியைப் பிரித்தது அம்மா. நொறுக்குத் தீனி பாக்கெட்டைப் பிரிப்பது பிள்ளையே!

2017 நவம்பரில் ஆந்திராவில் ஏலூரு நகரில் நாலு வயதுச் சிறுவன் ஒருவன் பாக்கெட்டில் இருந்த பொம்மையை விழுங்கி இறந்தான். அதன் பிறகே உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவோடு சேர்த்து இலவசப் பொருள் வைக்காதீர்கள் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. மிட்டாய்க்குள் இப்படிப் பொருள் வைப்பதை அமெரிக்கா 1938-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இங்கே ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

பெட்டிக்கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பேர் ஊர் இல்லாத பாக்கெட், உள்ளே ஏதோ 'கிலுகிலு' என்கிறது என்றால் அதைச் சரத்தில் தொங்கவிடாதீர்கள். ரெண்டு ரூபாய் லாபத்துக்கு வேண்டாம் அந்தப் பாவம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். திட்டக்குடியில் பஸ் ஏறிப் பெண்ணாடம் தாண்டினால் விருத்தாசலம். சுமார் 30 கிலோமீட்டர். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிற ஊர். அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகமே அங்கு இருக்கிறது. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றி, காயவைத்து, பிசிறு சீவி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். அகல் விளக்கும் பொம்மையும் இந்த மண்ணின் சரக்கு. பக்கத்தில் இத்தனையும் இருக்க, எங்கிருந்தோ வருகிற பிளாஸ்டிக்கைத்தான் பண்டிகைக்குக் கொடுக்க வேண்டுமா?

ஜவுளிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை எல்லாம் வருஷா வருஷம் காலண்டரும் பையும் கொடுக்கிறார்கள். நவராத்திரிக்கு முன்னால் வருகிற வாடிக்கையாளர் வீட்டுக்கு ஒரு விருத்தாசலம் பொம்மை கொடுத்தால் என்ன? அடியில் கடைப்பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. வருஷத்துக்கு ஒரு மிருகம் என்று மாற்றிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் பிள்ளை அதே கடைக்குத்தான் அப்பாவை இழுத்து வரும்! கடன் சொல்லி அரிசி வாங்குகிற வீட்டுக்கும் ஒன்று போகட்டும்.

ஒன்று மட்டும். இது படியில் வைக்கிற சாமான். கைக்குழந்தை கையில் கொடுக்கிற சாமான் அல்ல. கீழே விழுந்தால் உடையும், உடைந்தால் குத்தும். அதைக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கொலு புரட்டாசியில். அச்சு எடுத்து, வார்த்து, காய்ந்து, சுட்டு, வர்ணம் பூசி வர நாள் பிடிக்கும். மழை வந்தால் காயாது. ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு வியாபாரிகள் விருத்தாசலத்துக்கு ஒரு நடை போய்ச் சூளைக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தால்தான் சரக்கு நேரத்துக்குக் கைக்கு வரும்.