பாலில் என்ன கொழுப்பு என்றும் கேளுங்கள்

போடியில் ஏலக்காயை எடை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. காய் எத்தனை மில்லிமீட்டர், பச்சை நிறம் நிற்கிறதா, லிட்டர் எடை என்ன என்று பார்த்துத்தான் ஏலத்தில் விலை கேட்பார்கள். அதே ஊரில் காலையில் சங்கத்துக்குப் போகும் பாலுக்கு இரண்டே அளவுதான்: கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பல்லாத திடப்பொருள். மிஷின் காட்டும் எண்ணைப் பார்த்துப் பணம். அது என்ன மாதிரிக் கொழுப்பு என்று கேட்பாரில்லை. கேட்க வேண்டும் என்கிறேன்.

நான் கால்நடைத் துறையில் தடுப்பூசியும் சினை ஊசியுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது முந்தல் போகும் பாதையில் மூன்று கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். மாடு தின்பது பாலில் தெரியும் என்பதை நெய் உருக்கும் வீடுகளில் கண்ணால் பார்க்கலாம். மழைக்குப் பிறகு பச்சை தின்ற மாட்டு வெண்ணெய் மஞ்சளாக இருக்கும், விரல் பட்டதும் இளகும். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுகிற வீட்டு நெய் மணல் மணலாக இறுகி நிற்கும். நெய்த் தரத்துக்கு விதி வகுத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பருத்திக்கொட்டை அதிகம் தின்னும் வட்டாரத்து நெய்க்கு அக்மார்க் விதியிலேயே தனி அளவு வைத்தார்கள்.

காரணம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. பால் கொழுப்பில் நானூறு வகைக் கொழுப்பு அமிலங்கள் வரை உண்டு. ஏறக்குறைய பாதி மடியிலேயே உருவாகிறது. வைக்கோல், தட்டை, புல் இவற்றின் நார் முதல் வயிற்றில் நொதித்துக் கிடைக்கும் அசிட்டேட்தான் அதற்கு மூலப்பொருள். மறுபாதி தீவனத்திலிருந்தும் மாட்டின் உடம்புக் கொழுப்பிலிருந்தும் வருகிறது. புல் இலையில் கொழுப்பு கொஞ்சம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3. பருத்திக்கொட்டை எண்ணெயிலும் மக்காச்சோள எண்ணெயிலும் மிகுந்திருப்பது லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6. வயிற்று நுண்ணுயிர்கள் இரண்டிலும் பெரும்பகுதியை நிறைகொழுப்பாக மாற்றிவிடுகின்றன. தப்பி வருவது பாலில் சேர்கிறது.

2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை எண்ணில் காட்டியது. புல் மட்டுமே தின்ற மாட்டுப் பாலில் ஒமேகா-3 ஒரு பங்குக்கு ஒமேகா-6 ஏறக்குறைய ஒரு பங்கு. வழக்கமான பண்ணைப் பாலில் அதுவே ஆறு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பால் மருந்தில்லை. ஒமேகா-3 வேண்டுமானால் மத்தி மீனில் பல மடங்கு கிடைக்கும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் குடிப்பது பால். சிறு வித்தியாசமானாலும் நல்ல பக்கம் இருக்கட்டும்.

இப்போதைய விலை முறை எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். பச்சைக்கு வழியில்லாதவர் ரேஷன் அரிசிக் கஞ்சியும் மக்காச்சோள மாவும் கூட்டி வைக்கிறார். வயிறு புளித்து, நுண்ணுயிர்களின் வேலை தடம் மாறி, பாலில் கொழுப்பு இறங்குகிறது. சங்கத்தில் காசு குறைகிறது. உடனே கடையில், முதல் வயிற்றில் மாறாமல் கடந்துபோகும் ‘பைபாஸ் ஃபேட்’ பாக்கெட் வாங்குகிறார். அது பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருவது. எண் ஏறிவிடுகிறது, விலையும் கிடைத்துவிடுகிறது. ஏறியதில் பால்மிடிக் என்ற நிறைகொழுப்பின் பங்கு அதிகம் என்பது எந்தச் சீட்டிலும் வராது. கனடாவில் 2021-இல் வெண்ணெய் வெளியில் வைத்தாலும் இளகவில்லை என்று மக்கள் கேள்வி எழுப்பியபோது, பேச்சு போய் நின்ற இடமும் மாட்டுக்குப் போட்ட பாமாயில் கொழுப்புதான். அந்த விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. எதற்குக் காசோ அதைத்தான் அவரும் செய்கிறார்.

மலையில் புல் இல்லையா என்று கேட்பார்கள். மலைமாடுகள் சாணத்துக்கும் கிடை போடவும் ஆனவை, கறவைக்கு இல்லை. 2022-இல் உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று வரையறுத்தது. கறவை மாட்டுக்கான பச்சை நம் பட்டா நிலத்தில்தான் விளைய வேண்டும். கோ-4 புல்லை நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை இலையாக அறுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் முற்றவிட்டால் கிடைப்பது தண்டு. நல்ல கொழுப்பு இருப்பது இலையில். கூடவே வேலிமசாலும் அகத்தியும் வேண்டும். மருந்து அடித்த ஏலத்தோட்டத்துப் புல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இதற்குச் சங்கங்களும் அரசும் கை கொடுக்க வேண்டும். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர் ஊராகக் குளிரூட்டும் நிலையத்துப் பாலில் மாதம் ஒரு மாதிரி எடுத்து, ஓராண்டு கொழுப்பு அமிலங்களை அளந்து, முடிவை ஊரறியப் போடட்டும். ஒவ்வொரு குவளையையும் சோதிக்கத் தேவையில்லை. பச்சைத் தீவனம் போடுகிறவர் யார் என்று சங்கச் செயலருக்கு நிலத்தைப் பார்த்தாலே தெரியும். 2023 டிசம்பர் முதல் ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. பச்சைத் தீவனத்துக்கென்று இன்னும் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கட்டும். பைபாஸ் பாக்கெட்டுக்குப் போகும் காசு புல்கரணைக்கும் விதைக்கும் திரும்பும்.