ஏட்டுப் பிழையும் இலையின் கால்வழியும்

கொன்றைக்கு நெருங்கிய சுற்றம் புளியா, வாகையா என்று வினவின், தாவரவியல் பயின்ற பழைய மாணவர் பலர் புளி என்றே விடை பகர்வர். அவர்கள் படித்தது அதுவே. ஜோர்ஜ் பெந்தம் என்பார் 1865இல் அவரைக் குடும்பத்தைப் பூவின் அமைப்பு நோக்கி மூன்றாகப் பகுத்தபோது, புளியையும் கொன்றையையும் ஒரு பிரிவிலும் வாகையையும் தொட்டாற்சுருங்கியையும் மற்றொரு பிரிவிலும் வைத்தார்.

அவ்வுறவுமுறை இன்று நிலைபெறவில்லை. 2017இல் பன்னாட்டறிஞர் கூடி, பச்சையவுருமணியிலுள்ள ஒரு பரம்பரையலகை 3,600க்கு மேற்பட்ட இனங்களில் ஒப்புநோக்கி, இக்குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாக வகுத்தனர். கொன்றை வாகையோடு சேர்ந்தது. புளி விலகி அசோகோடு வேறு கிளையாயிற்று.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் எனலாம். உண்டு என்பதே என் கட்சி.

இலைக்குப் பசுமை தரும் பச்சையவுருமணி தனக்கென ஒரு சிற்றேடு வைத்திருக்கிறது. அதில் ஏறத்தாழ 150,000 எழுத்துக்கள். எழுத்தின் வகையோ நான்கே. புகையிலையின் ஏடு 1986இல் முழுதும் வாசிக்கப்பட்டது. தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதப்படுகையில் பிழை நேர்கிறது. நேர்ந்த பிழை பின்வரும் படிகளிலெல்லாம் தொடர்கிறது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றார் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. இரண்டு சுவடிகளில் ஒரே பகுதி விடுபட்டிருப்பின், இரண்டும் ஒரு முற்படியின் வழிவந்தன என்று நாம் கருதுவதில்லையா?

பெரும்பாலான தாவரங்களின் சிற்றேட்டில் ஏறத்தாழ 25,000 எழுத்துள்ள ஒரு பகுதி இருமுறை, ஒன்றுக்கொன்று தலைகீழாக, எழுதப்பட்டிருக்கும். நம் மாவட்டத்துக் கமக்காரர் விதைக்கும் பயற்றில் அவ்விரண்டும் உள. ஏடு 151,000 எழுத்தளவினது. கடலையில் ஒன்று விடுபட்டது. ஏடு 125,000 எழுத்தாகக் குறுகிற்று. பட்டாணியிலும், கப்பலேறி நம்மிடம் வரும் மைசூர்ப் பருப்பிலும் அதே குறை. மூன்றும் ஒரு முற்படியின் வழியின. உழுந்தும் கவ்பீயும் பயற்றின் கிளை. கச்சானுக்கோ, நிலக்கடலை என்ற பெயரில்தான் கடலை உண்டு. அதன் நெருங்கிய சுற்றம் வேங்கை மரம்! சங்கப் பாடல்களில் பூத்து நின்று புலியென மயக்கிய அதே வேங்கை. (முருங்கைக் காய் எத்துணை நீண்டாலும் அம்மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.)

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இச்சிற்றேடு பெரும்பாலும் தாய்வழியே இறங்குவது. தந்தைவழிக் கலப்பை அது சொல்லாது. ஒற்றைச் சுவடியை நம்பிப் பதிப்பிப்பது எத்தகையதோ, அத்தகையதே இதனை மட்டும் நம்புவது. கலத்தின் கருவிலுள்ள பேரேட்டையும் உடன்வைத்து நோக்குதல் முறை.

சுவடியைத் தொடாத விஞ்ஞான மாணவனும் இலையைப் பாராத கலை மாணவனும் ஒரு முறையின் இரு பாதியை அறியாமலே உயர்தர வகுப்பிலிருந்து வெளியேறுகின்றனர். திருகோணமலையிற் கல்விப்பணி செய்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமாவார். அவர் காலத்தில் இல்லாத சுவரை நாம் ஏன் எழுப்பினோம்?

யூபிலி நினைவாக மற்றுமொரு கல்வெட்டுப் பதிப்பதைவிட, வளவில் ஐந்து குழி வெட்டலாம். ஆத்தி, புளி, கொன்றை, வேங்கை ஆகியவற்றோடு, இலங்கைக்கே உரியதும் சிங்களத்தில் கல் சியம்பலா எனப்படுவதுமாகிய மரத்தையும் நட்டால், ஆறில் ஐந்து துணைக்குடும்பங்கள் கண்முன் நிற்கும். வேங்கையின் அடியில் ஆண்டுதோறும் கச்சான் ஊன்றலாம். ஆறாவது மேற்கு ஆபிரிக்காவின் ஒரேயோர் இனம். அதற்குப் பெயர்ப்பலகை போதும். பலகைகளைத் தமிழ் வகுப்பாரும் தாவரவியல் வகுப்பாரும் கூடியிருந்து எழுதட்டும். சித்திரை வெயிலில் நட்டால் நம் ஊரில் கன்று பிழைக்காது. ஐப்பசி மழைக்கு முன்னரே குழிகள் ஆயத்தமாக வேண்டும்.