கண்டிக்குப் போனால் கண்டியை மட்டும் பார்ப்போம்



ஸ்கூல் லீவு நெருங்குகிறது. ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் டுவர் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. மூன்று நாள், பன்னிரண்டு இடம். நுவரெலியா, அம்பேவலை, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், நீர்வீழ்ச்சிகள், தண்ணீர்ப் பூங்கா, கடைசியில் கொழும்பு. இந்தப் பட்டியலில் கண்டிக்கு எவ்வளவு நேரம் என்று தேடிப் பாருங்கள். "மாலை: கண்டி, ஷொப்பிங்" என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான்.

இப்படித் திட்டமிடுவதை நாம் எதிர்க்கிறோம். குளிரைப் பார்ப்பதும் நீர்வீழ்ச்சியில் நனைவதும் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஊரை விட்டு முதன்முதலாக வெளியே போகும் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது ஒரு பழைய நகரம் என்கிறோம். அதையும் ஓடி ஓடி அல்ல, ஓர் இரவு தங்கி, நடந்து பார்க்க வேண்டும். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்ட முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்த நகரம் கண்டியாக இருக்க வேண்டும்.

ஏன் கண்டி?

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போக்கிடம் இல்லாமல் நின்றவர்களை ஏற்றுக்கொண்டவர் கண்டி மன்னர் செனரத். அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். 4,000 பேர் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. கிழக்கில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள், எல்லோரும் அந்த 4,000 பேரின் வழிவந்தவர்கள் அல்ல. ஆனாலும் நம் ஊர்களின் கதையில் அந்த மலைநாட்டு அரசுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றி இறக்கினார்கள். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். கலாநிதி லோர்னா தேவராஜா இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அவர் முஸ்லிம் அல்ல, சிங்கள வரலாற்றாசிரியர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பேஸ்புக்கில் எவரோ ஒருவர் "வந்தேறிகள்" என்று எழுதினால் நம் பையன்கள் கொதிக்கிறார்கள். கெட்ட வார்த்தையில் பதில் எழுதுகிறார்கள். செனரத் மன்னரின் பெயரைச் சொல்லிப் பதில் எழுத அவர்களுக்குத் தெரியாது, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி படித்தால் பரீட்சையோடு அது போய்விடும். அந்த அரசர்களின் மண்டபத் தூணைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை மறக்காது.

இனி, வழக்கமாக வரும் எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"பன்சலையில் நமக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். வணங்கப் போவதில்லையே, பார்க்கத்தானே போகிறோம். பூமியில் பயணம் செய்து முன்சென்ற சமூகங்களைப் பார்த்து உணரும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. உம்ரா போகும் வழியில் இஸ்தான்புல்லில் இறங்கி அயா சோபியாவின் முன் படம் எடுக்கிறோம். எகிப்து போனால் பிரமிட்டைப் பார்க்காமல் வருகிறோமா? பிர்அவ்னின் நாட்டைப் பார்க்கலாம், நமக்கு அடைக்கலம் தந்த மன்னரின் நகரத்தைப் பார்க்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? தலதா மாளிகையின் உள்ளே போக மனம் ஒப்பாதவர் வெளியே நிற்கட்டும். பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம்.

"பொம்பிளைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரவு தங்கலாமா?" என்று கேட்கிறார்கள். உம்மாமார் கூட வரட்டும். உம்மாமாரில் பலருக்கும் அதுதான் முதல் பயணமாக இருக்கும். ஆண் பிள்ளைகள் மூன்று தடவை நுவரெலியா போய்விட்டார்கள். அதே வகுப்புப் பெண் பிள்ளைகள் மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் பேராதனைக்குப் போகும்போதுதான் ஒரு மகள் முதன்முதலில் கண்டியைக் காண்கிறாள் என்றால், அந்தப் பயம் அவள் மனதில் எத்தனை மாதம் இருக்கும் என்று யோசியுங்கள்.

"செலவு" என்கிறார்கள். பன்னிரண்டு இடங்களைச் சுற்றினால் காசு போவது டீசலுக்கு. ஒரே நகரத்தில் நின்றால் பஸ் நிற்கும், பிள்ளைகள் நடப்பார்கள். ஓர் இரவுதான் தங்குகிறோம். ஹலால் சாப்பாட்டுக்கும் கஷ்டம் இல்லை. கட்டுக்கலை ஜும்ஆப் பள்ளி, மீராமக்காம் பள்ளி, லைன் பள்ளி என்று நகரத்திலேயே பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தொழுகை தவறும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எப்படித் திட்டமிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை ஊடாகப் பதினெட்டு வளைவில் ஏறி ளுஹருக்குக் கண்டி சேரலாம். பின்னேரம் வாவியைச் சுற்றி நடக்க வேண்டும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1812இல் கட்டி முடித்த வாவி அது. அவன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் அந்த வழியினரே. சிங்கள இராச்சியத்தின் கடைசி அரண்மனையில் தமிழும் பேசப்பட்டது என்பதை வாவிக் கரையில் நின்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். பிறகு மகுல் மடுவ. செதுக்கிய மரத் தூண்கள் தாங்கும் அந்த மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி நாடு ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்டது.

அடுத்த நாள் காலையில் தலதா மாளிகை. பக்கத்திலேயே நாத தேவாலயம். கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விஷ்ணுவுக்கும் பத்தினித் தெய்வத்துக்கும் அதே சுற்றாடலில் தேவாலயங்கள் உண்டு. அரண்மனையின் அந்தப்புரமாக இருந்த இடம் இப்போது நூதனசாலை. அதன் பின்னால் ஏறினால் ஆங்கிலேயரின் பழைய மயானம். கண்டி ஒப்பந்தத்தைத் தயாரித்த ஜோன் டொய்லியின் கல்லறை அங்கே இருக்கிறது. எல்லாம் நடை தூரத்தில். பகல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் இரவு ஊர் வந்துவிடலாம். பேராதனைப் பூங்கா அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

போயா தினமும் எசல பெரஹரா காலமும் வேண்டாம், நெரிசல் தாங்காது. பாடசாலையாகப் போனால் வலயக் கல்வி அலுவலக அனுமதியை முன்கூட்டியே எடுங்கள்.

நடத்தை பற்றியும் பேச வேண்டும். ஸ்பீக்கரை அலறவிட்டு பஸ்ஸுக்குள் ஆடிக்கொண்டு போகும் டுவர்களால் வழியில் உள்ள ஊர்கள் நம் சமூகத்தையே அளக்கின்றன. தலதா மாளிகைக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை, வெறுங்கால், மெதுவான பேச்சு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானையில் ஒரு பழைய தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதை மறந்துவிட்டோமா? பிடித்தவர்களைத் திட்டிப் பதிவு போட்டோம். அது அடுத்தவருக்குப் புனிதமான இடம் என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தோமா என்று கேட்கவில்லை. வாசலில் பரிசோதித்தால் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். 1998இல் குண்டு வெடித்த வாசல் அது. எல்லோரையும்தான் பரிசோதிக்கிறார்கள்.

கடைசியாக, பலர் வெளியே சொல்லாத காரணம். அந்தப் பாதை திகன வழியாகப் போகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கொத்துரொட்டியில் மலட்டு மருந்து என்ற பொய்க்குப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்தில் திகன எரிந்தது, அவசரகாலச் சட்டம் வந்தது, இதே பேஸ்புக்கும் முடக்கப்பட்டது. பயணம் தொடங்குவது அம்பாறையில், முடிவது திகனவைத் தாண்டி. அதனால் பயம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு அந்த ஊரைக் கடக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முழுவதும் சொல்லுங்கள். கடைகளும் பள்ளிகளும் எரிந்ததைச் சொல்லும்போது, அதற்கு முன் தெல்தெனியவில் நம் இளைஞர் சிலர் தாக்கியதில் ஒரு சிங்களச் சாரதி இறந்ததையும் சொல்லுங்கள். முஸ்லிம் அயலவர்களைக் காத்து நின்ற சிங்களவர்களும் பிக்குகளும் இருந்தார்கள், அதையும் சொல்லுங்கள். பாதி உண்மையோடு வளரும் பிள்ளை ஒன்றில் பயந்து வாழும், அல்லது வெறுத்து வாழும்.

செனரத் மன்னர் நமக்கு இடம் கொடுத்து நானூறு வருடம் ஆகிறது. அந்த நகரத்தில் நம் பிள்ளைகள் ஷொப்பிங் பையோடு மட்டும் நடந்தது போதும். போஸ்டர் அடிக்கும் தம்பிமாரே, பன்னிரண்டு இடத்தை வெட்டிவிட்டு ஒரே ஓர் இடத்தைப் போடுங்கள். வாப்பாமாரே, மகளின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அதிபர்மாரே, பஸ் ஏறுவதற்கு முந்திய வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். வழிகாட்ட ஆசிரியர்களான நாங்கள் சம்பளம் கேட்காமல் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.