ஆமை மார்க் சாஸ் அமெரிக்காவில் கால் ஊன்றிய கதை

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஜப்பானிலிருந்து வரும் சரக்குகளுக்கு 24 சதவீதம் சுங்க வரி என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். டோக்கியோவிலிருந்து தூதுவர்கள் வாஷிங்டனுக்குப் பறந்தார்கள். பேரம் பேசினார்கள். ஜூலையில் அது 15 சதவீதம் என்று முடிந்தது. மோட்டார் கார் முதலாளிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், அமெரிக்கச் சமையலறைகளில் இருக்கும் ஒரு ஜப்பானியப் புட்டிக்குத் துறைமுகத்தைப் பற்றிய கவலையே இல்லை. சிவப்பு மூடி போட்ட 'கிக்கோமன்' சோயா சாஸ் புட்டிதான் அது. காரணம் எளிது. அமெரிக்கர் வாங்கும் அந்தச் சாஸ், அமெரிக்காவிலேயே, அமெரிக்க மண்ணில் விளைந்த சோயா மொச்சையிலும் கோதுமையிலும் தயாராகிறது. இந்த ஏற்பாடு வரிக்குப் பயந்து நேற்றுச் செய்ததல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன்பே செய்தது.

'கிக்கோ' என்றால் ஜப்பானிய மொழியில் ஆமை ஓடு. 'மன்' என்றால் பத்தாயிரம். ஆமை பத்தாயிரம் வருஷம் வாழும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. கம்பெனி அத்தனை பழையதல்ல என்றாலும், தொழில் பழையதுதான். டோக்கியோவுக்கு அருகே, எடோ ஆற்றங்கரையில் நோடா என்று ஓர் ஊர். அங்கே டகானாஷி என்ற குடும்பம் 1661-ம் ஆண்டில் சோயா சாஸ் காய்ச்சத் தொடங்கியது. மோகி என்ற குடும்பமும் பிறகு இந்தத் தொழிலில் இறங்கியது. ஆற்றில் படகு ஏற்றினால் தலைநகருக்குச் சரக்குப் போய்விடும். இதுதான் நோடாவின் அதிர்ஷ்டம்.

பூசணம் செய்யும் வேலை

சாஸ் செய்யும் முறையைச் சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும். இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதல்லவா? அதே நொதிப்புத்தான், ஆனால் ஓர் இரவு போதாது. வேகவைத்த சோயா மொச்சையுடன் வறுத்துப் பொடித்த கோதுமையைக் கலந்து, அதில் ஒருவகைப் பூசணத்தை விதைக்கிறார்கள். மூன்று நாளில் அது எங்கும் பரவிவிடும். பிறகு உப்பு நீரில் கலந்து பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். ஊறிய கூழைத் துணியில் மடித்து அழுத்திப் பிழிந்தால் வருவதே சாஸ். மொச்சையிலிருந்து ருசி, கோதுமையிலிருந்து மணமும் லேசான இனிப்பும். சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. அந்தச் செம்பழுப்பு நிறம் தானாக வருவது.

1917-ம் ஆண்டில், மோகி, டகானாஷி, ஹோரிகிரி ஆகிய வம்சங்களைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்கள் போட்டியை விட்டு ஒரே கம்பெனியாகச் சேர்ந்தன. குடும்ப வியாபாரம் என்றால் மூன்றாம் தலைமுறையில் பங்காளிச் சண்டை என்பது எந்த நாட்டுக்கும் பொது. இவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு குடும்பத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு ஒருவர்தான் கம்பெனி வேலைக்கு வரலாம். மற்றப் பிள்ளைகள் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளுக்குள் ஒற்றுமை இருந்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே இல்லை. 1927 செப்டம்பரில் நோடா தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழு மாதம் நடந்தது. யுத்தத்துக்கு முந்தைய ஜப்பானில் அத்தனை நீண்ட போராட்டம் அபூர்வம். ஆயிரம் பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சங்கத் தலைவர்களுள் ஒருவர் சக்கரவர்த்தியிடமே நேரில் மனு நீட்ட முயன்றார். அந்த நாட்டில் அது எத்தகைய துணிவு என்று சொல்ல வேண்டியதில்லை. முடிவில் தோற்றது தொழிலாளர் பக்கமே. கம்பெனியின் புகழ் பாடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை விரைவாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

பிழைத்த முறை

யுத்தத்தில் ஜப்பான் தோற்றபின் நாட்டில் சோறே இல்லை. மொச்சைக்கு எங்கே போவது? கிடைத்த கொஞ்சத்தையும் பங்கிட்டவர்கள் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தார். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். நொதிக்கவைத்தால் மாதக்கணக்கில் காலம் ஆகிறது, புரதத்தில் பெரும் பகுதி சக்கையில் போகிறது. அமிலத்தில் வேகவைத்து இரசாயன முறையில் எடுத்தால் சில நாள் வேலை, நஷ்டமும் குறைவு. ஆகவே மொச்சையை இரசாயனக்காரர்களுக்கே கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் கட்டம் வந்துவிட்டது. அது நடந்திருந்தால் முந்நூறு வருஷத் தொழில் அன்றோடு முடிந்திருக்கும்.

1948-ல் நோடா ஆராய்ச்சியாளர்கள் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். முதலில் லேசாக அமிலம், பிறகு பூசணம். காலம் குறைந்தது, மொச்சையும் மிச்சமானது. இதைப் பூட்டி வைத்துக்கொண்டு போட்டிக்காரர்களை நசுக்கியிருக்கலாம். கம்பெனி அப்படிச் செய்யவில்லை. தன் முறையை மற்றத் தயாரிப்பாளர்களுக்கும் திறந்துவிட்டது. தர்ம சிந்தனை மட்டும் காரணம் என்று சொல்வதற்கில்லை. நொதிப்புத் தொழில் முழுவதும் பிழைத்தால்தான் தானும் பிழைக்கலாம் என்ற கணக்கும் இருந்தது. நிலைமை சீரானபின் பழையபடி முழு நொதிப்புக்கே திரும்பினார்கள்.

அதே அமெரிக்கர்களே அடுத்த வாசலையும் திறந்துவிட்டார்கள், தெரியாமலே. ஜப்பானில் தங்கிய சிப்பாய்களும் அதிகாரிகளும் சாஸின் ருசி கண்டு ஊர் திரும்பினார்கள். 1957-ல் கம்பெனி சான்பிரான்சிஸ்கோவில் கடை விரித்தது. ஜப்பானியச் சமையலைக் கற்றுக்கொடுக்க அது முயலவில்லை. அமெரிக்கர் தின்னும் மாட்டிறைச்சியையே துண்டு போட்டு, சாஸில் தோய்த்துச் சுட்டு, கடைக்கு வந்தவர் கையில் குச்சியோடு கொடுத்தார்கள். ருசி பார்த்தவர் புட்டியை வாங்கினார். 1961-ல் வந்தது, இன்று உலகம் அறிந்த அந்த மேஜைப் புட்டி. அதை வடிவமைத்தவர் கென்ஜி எகுவான். ஹிரோஷிமா அணுகுண்டில் தங்கையை இழந்தவர். சாஸ் ஒழுகாத மூக்கு அமைவதற்கு நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் செய்து பார்த்தாராம்.

இருமுறை கடல் தாண்டிய மொச்சை

இதற்கிடையே ஒரு வேடிக்கை நடந்துவந்தது. அமெரிக்க மொச்சையும் கோதுமையும் கப்பலேறி ஜப்பானுக்கு வரும். சாஸாகி மறுபடி கப்பலேறி அமெரிக்கா போகும். இரண்டு கப்பல் கூலி! அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மோகி யூசாபுரோ போன்றவர்கள் அங்கேயே தொழிற்சாலை வைக்கச் சொன்னார்கள். விற்பனை போதாது என்று மேலிடம் முதலில் மறுத்தது. 1971-ல்தான் இசைந்தது. கம்பெனியின் மூலதனத்தையே மிஞ்சும் செலவு அது.

விஸ்கான்சின் மாகாணத்தில் வால்வர்த் என்ற கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 'நல்ல விளைநிலத்தில் புகைபோக்கியா?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கம்பெனிக்காரர்கள் வக்கீலை முன்னே தள்ளவில்லை. தாங்களே போய்ப் பேசினார்கள். உங்கள் மொச்சையையும் கோதுமையையும் வாங்கப் போகிறவர்கள் நாங்கள் என்றார்கள். பெரும்பாலும் உள்ளூர் ஆட்களையே வேலைக்கு வைத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஊழியர்கள் ஒரே தெருவில் கூட்டமாகக் குடியிருக்கக் கூடாது என்றும் ஏற்பாடு.

தொழிற்சாலை 1973 ஜூனில் திறக்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் ஜனாதிபதி நிக்ஸன், உள்நாட்டு விலை ஏறுகிறதென்று மொச்சை ஏற்றுமதிக்குத் தடை போட்டார்! ஜப்பான் கதிகலங்கியது, அதன் மொச்சையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்தது. தடை நீடிக்கவில்லை. ஆனால் ஒரே நாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் அன்று தெரிந்துகொண்டது. வால்வர்த் தொட்டிகளுக்கு மட்டும் தடை பொருந்தவில்லை. மொச்சை பக்கத்து வயலிலேயே இருந்தது.

பிறகு சிங்கப்பூர், தைவான், ஹாலந்து, கலிபோர்னியா என்று தொழிற்சாலைகள் பெருகின. இந்தியச் சந்தைக்கு 2021-ல்தான் வந்தார்கள். விஸ்கான்சினிலேயே ஜெபர்சன் நகரில் இன்னொரு தொழிற்சாலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். கம்பெனியின் வருமானத்தில் இன்று நான்கில் மூன்று பங்கு ஜப்பானுக்கு வெளியிலிருந்து வருகிறது. அதில் ஒரு பெரும் பகுதி சாஸ் அல்ல, கீழ்த்திசை உணவுப் பண்டங்களின் மொத்த வியாபாரம். அவற்றுள் கப்பலில் வந்து இறங்குபவை வரிக்குத் தப்பவில்லை.

ஜப்பானிலோ நிலைமை வேறு. ஜனத்தொகை குறைகிறது, வீட்டுச் சமையலும் குறைகிறது. நாட்டில் விற்கும் சோயா சாஸின் அளவு 1970-களின் உச்சத்திலிருந்து கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. 1955-ல் ஆறாயிரம் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். இன்று ஆயிரத்துச் சொச்சம். விஸ்கான்சினில் போய் நிலம் வாங்க அவர்களால் ஆகுமா? மரத்தொட்டியில் ஊறும் சாஸ் நாட்டின் உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குதான். தொட்டி கட்டும் தச்சர்களும் அருகிவிட்டார்கள். ஷோடோஷிமா என்ற தீவில் சாஸ் காய்ச்சுகிறவர்கள் சிலர், 2012 முதல் தாங்களே உளி பிடித்துத் தொட்டி கட்டப் பழகி, வருஷந்தோறும் புதிதாகச் சில தொட்டிகளை நிறுத்தி வருகிறார்கள்.