மாஸ்க் மாணவனுக்கு, மெஸ் யார் பொறுப்பு?

"காலேஜ் பசங்க சொன்னா கேக்க மாட்டாங்க சார்... ஃபைன் போட்டாத்தான் அடங்குவாங்க."

கொரோனா காலத்தில் டீக்கடை பெஞ்சு முதல் டிவி விவாதம் வரை ஓடிய வசனம் இது. இதற்கு ஒரு எதிர்வசனமும் ஓடியது. "நமக்கெல்லாம் இருபது வயசு, ஒன்னும் ஆகாது மச்சி." இரண்டுமே தப்பு. முதலாவது அதிகாரத்தின் சோம்பேறித்தனம். இரண்டாவது இளமையின் சுயநலம். எப்படி என்று பார்ப்போம்.

சென்னை ஐஐடியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர். ஊரடங்கு தளர்ந்து தமிழ்நாட்டில் கல்லூரிகள் மெல்லத் திறந்துகொண்டிருந்த நேரம். ஐஐடி விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் வழக்கமான எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதிதான். அப்படியும் டிசம்பர் 14ஆம் தேதிக்குள் தொற்று நூறைத் தாண்டியது. துறைகள், ஆய்வகங்கள், நூலகம் எல்லாம் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மெஸ்ஸில் கூட்டம் கூடியதுதான் காரணம் என்று சுகாதாரத் துறை தரப்பில் சொல்லப்பட்டது. உடனே ஊரெல்லாம் பேச்சு: "ஐஐடி பசங்களே இப்படின்னா..."

ஆனால் மாணவர்கள் சொன்ன இன்னொரு விஷயமும் செய்திகளில் வந்தது. அத்தனை விடுதிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மெஸ்தான் இயங்கியது!

யோசியுங்கள். மாஸ்க்கை வகுப்பில் போடலாம், பஸ்ஸில் போடலாம், லைப்ரரியில் போடலாம். சாப்பிடும்போது போட முடியுமா? ஒரு வளாகத்தில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றி, நெருங்கி உட்கார்ந்து, சத்தமாகப் பேசும் இடம் மெஸ். அதையே ஒன்றாகக் குறைத்துவிட்டு "இடைவெளி விடு" என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் அது விதியா, வேடிக்கையா? பிறகு பரவல் வந்ததும் சாப்பாடு பார்சலாக அறைக்கே போனது. பின்னால் முடிந்தது முன்னால் ஏன் முடியவில்லை?

கேட்டில் நின்று நெற்றியில் சூடு பார்த்த கருவி இன்னொரு கூத்து. தொற்று இருந்தும் காய்ச்சலே வராதவர்கள் ஏராளம். அவர்களை அந்தத் துப்பாக்கி பிடிக்காது. மேஜைக்கு மேஜை சானிடைசர் இருந்தது, ஜன்னல் மட்டும் மூடியே இருந்தது. இந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லத் தயங்கிய காலம் அது. 2020 மார்ச்சில் 'காற்றில் பரவாது' என்றுதான் ட்வீட் போட்டார்கள். இன்று தெரியும்: ஒரு ஜன்னலைத் திறப்பது பத்து பாட்டில் சானிடைசரைவிடப் பெரிய காரியம்.

சரி, மாணவர் தரப்புக்கு வருவோம். அவர்கள் மட்டும் உத்தமர்களா? 2021 நவம்பரில் கர்நாடகாவின் தார்வாட் மருத்துவக் கல்லூரியில் புதுமுக மாணவர் வரவேற்பு விழாவுக்குப் பிறகு 281 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டவர்கள். படித்ததோ மருத்துவம்! தடுப்பூசி போட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

காமர்ஸ் படிப்பவனுக்கு முதல் வருடமே சொல்லித்தருவது, ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருக்க வேண்டும் என்று. இருபது வயதுக்காரனின் ஜாலி எந்தக் கணக்கில் பற்று? திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போய் வரும் மாணவன் சாயங்காலம் திரும்புவது எங்கே? அப்பத்தாவும் சர்க்கரை வியாதிக்கார அப்பாவும் இருக்கிற அதே வீட்டுக்கு. விடுதியில் இருப்பவனுக்குச் சோறு போடுவது ஐம்பதைத் தாண்டிய சமையல் அக்கா. வரவு இவனுக்கு, செலவு அவர்களுக்கு.

இந்தக் கடற்கரைக்கு நோய்த்தடுப்பு விதிகள் புதிதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, அம்மைத் தடுப்பூசி போட்டு, காலரா, பிளேக் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். 'மண்டபம் கேம்ப்' என்ற ரயில் நிலையப் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அங்கே எளியவனைப் பிடித்து வைத்தது, அக்கரையில் இருந்த தோட்டமும் முதலாளியின் லாபமும் கெடாமல் இருக்க. கல்லூரி விதி அப்படிப்பட்டது அல்ல. அது வலுவானவனைக் கொஞ்சம் கட்டிப்போட்டு எளியவரைக் காப்பாற்றுவது. அதனால்தான் அதை மீறுவதில் வீரம் எதுவும் இல்லை.

ஆனால் ஃபைன் மட்டும் போட்டால் சரியாகிவிடுமா? 2020 செப்டம்பரில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் என்றார்கள், 2022 ஜனவரியில் அது 500 ஆனது. போலீஸ் நின்ற இடத்தில் மாஸ்க் மூக்குக்கு ஏறியது, தாண்டியதும் தாடைக்கு இறங்கியது. அபராதம் கற்றுத்தந்தது இவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்று இன்றும் அப்படியே இருக்கிறது. 'காய்ச்சல் இருந்தால் வகுப்புக்கு வராதே' என்பது சுகாதார விதி. '75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது' என்பது கல்லூரி விதி. குறைந்தால் மெடிக்கல் சர்டிபிகேட் கொடு, கண்டனேஷன் ஃபீஸ் கட்டு. அதாவது நோய் வந்ததற்கும் அபராதம்! டாக்டருக்கும் கல்லூரிக்கும் கட்டப் பணமில்லாத மாணவன் என்ன செய்வான்? பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்காருவான். அவன் விதியை மீறியவனா, விதியைக் கடைப்பிடித்தவனா?

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. கல்லூரிகளும் பாடத்தை மறந்து போஸ்டரை மட்டும் கிழித்துவிட்டன. அடுத்தது வரும்போது மறுபடி மாணவனைத் திட்ட ஆரம்பிப்பார்கள். அதற்குள் செய்ய வேண்டியவை பெரிய செலவும் அல்ல. மெஸ்ஸுக்கு ஷிப்ட் முறை, திறக்கிற ஜன்னல்கள், நோய் நாட்களுக்கு வருகைப் பதிவில் கழிவு, சமையல் மற்றும் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு.

இதைச் செய்துவிட்டு மாணவனைக் கேளுங்கள், "ஏன் மாஸ்க் போடவில்லை?" என்று. அப்போது அவனிடம் பதில் இருக்காது. இருக்கவும் கூடாது.