பழ ஈயோடு நின்றுபோகும் பாடம்

ஹார்டி–வெயின்பெர்க் சமன்பாட்டை எனக்குப் பழ ஈயை வைத்தே நடத்தினார்கள். 1908இல் வந்த அந்த மாதிரியின் நிபந்தனைகளில் ஒன்று: இணை சேர்வதில் தெரிவு இருக்கக் கூடாது. சிவகிரியில் எந்தத் தெருவில் அப்படிக் கல்யாணம் நடக்கிறது? வகுப்பில் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பு. பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியை எண்ணிக்கைக் கணக்காகவே விளக்கினார். அகமணக் குழுவுக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். துணையை இழந்தவர் ‘உபரி’. அந்த உபரியைச் சமாளிக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமி மணமும். இதைவிடத் தெளிவான மாதிரி எந்தப் பாடநூலில் இருக்கிறது?

‘நிபந்தனைகளைப் பட்டியலிடுக’ என்று தேர்வில் கேட்பதை விட்டு, ‘உன் ஊரில் எந்த நிபந்தனை பொய்க்கிறது, ஏன்?’ என்று விலங்கியல் துறைகள் கேட்கட்டும்.